விடைத்தாள் திருத்தும் இரவு

பக்கீசியோ எழுதியிருக்கிறான்:
'ஆடு எழுந்ததும்
மாலுமிகள் அஞ்சிக் கரையிலேயே நின்றார்கள்.'

சிவப்பு மையில் சுழித்தேன்.
காப்ரா இங்கே ஆடில்லை,
தேரோட்டியின் தோளில் எரியும் மீன்,
புயலைக் கூட்டிவரும் மீன்.
எங்கள் ஊரில் மக்குப் பிள்ளையையும்
காப்ரா என்றுதான் வைவோம்.
ஓரத்தில் அதை எழுதினேன்,
பிறகு அடித்தேன்.

எதற்கும் இருக்கட்டுமென்று அகராதியைப் பிரித்தால்
பெட்டை ஆடு, விண்மீன்,
ரோமாபுரியில் ஒரு சதுப்பு
(இடி இடித்த ஒரு பகலில்
அரசன் ஒருவன் அங்கேதான் காணாமல்போனானாம்),
கடைசியில், பொடி எழுத்தில்,
அக்குள் நாற்றம்.

எழுந்துபோய்
கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டை முகர்ந்தேன்.
மூன்று குளிர்காலம்.
தோல் பதனிடும் பட்டறையின் புளிப்பு போய்விட்டது,
புகையிலையும் போய்விட்டது.
கைக்குழியில் மட்டும்
ஜுவான்னே இன்னும் இருக்கிறான்.
சதுப்புக்கும் இதற்கும்
லத்தீனில் ஒரே சொல் போதுமாயிருந்திருக்கிறது.

வெளியே காற்று திசை மாறிவிட்டது.
போசாவின் கூரைகளுக்கு மேல் மேகம்,
மீன் எதுவும் தெரியவில்லை.
பக்கத்து வீட்டு வெள்ளாடு
கயிற்றை அறுத்துக்கொண்டு
கற்படி ஏறி வந்து
என்னையே பார்த்து நிற்கிறது,
மஞ்சள் கண்ணில்
கிடைக்கோடாய்க் கருமணி.
விளக்கை அதன் பக்கம் தூக்கினேன்.
அசையவில்லை.
எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பக்கீசியோவுக்கு அரை மதிப்பெண்.
கீழே, தேமோ ஆற்றில்
யாரும் எடுக்காத படகுகள்
விடியும்வரை ஆடின.