நான்கு பேருந்துகளின் தீவு

டெர்செய்ரா விமான நிலையம்.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் சேந்தனும் நானும்,
அந்தப் பக்கம் இடலினா,
கழுத்தில் நிறுவனத்தின் பச்சைத் துணி.
நாள் ஒன்றுக்கு முப்பத்தெட்டு யூரோ,
காப்பீடு தனி,
கடன் அட்டையில் ஆயிரத்து இருநூறு முடக்கம்.

பேருந்து? என்றேன்.
தினம் நான்கு என்றாள்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று, அதுவும் மதியம்.
தன் வியாபாரத்துக்கு ஆகாததையும்
ஒளிக்காமல் சொன்னாள்.

நினைத்த இடத்தில் நிற்கலாம் என்றான் சேந்தன், காரை.
நினைக்காத இடத்திலும் நிற்கும் என்றேன், பேருந்தை.
மணமாகிப் பதினோரு ஆண்டு.
இதற்குமேல் பேசினால் எங்கே போய் முடியும் என்று
இருவருக்கும் தெரியும்.
அவன் சாவி வாங்கினான்.
நான் சில்லறை மாற்றினேன்.
பெட்டிகள் அவனோடு,
குடை என்னோடு.

அவன் கிளம்புமுன் ஒரு சடங்கு நடந்தது:
தோலுரித்து நாற்புறமும் விரித்ததுபோல்
ஒரு காரின் படம், காகிதத்தில்.
பழைய கீறல்களை எல்லாம்
இடலினா பேனாவால் வட்டமிட்டாள்.
எனக்கு அப்படி ஒரு தாள்
யாரும் நிரப்பித் தந்ததில்லை.

ஐந்து இருபது பேருந்து
ஐந்து நாற்பதுக்கு வந்தது.
ஓட்டுநர் பெல்மீரு வருத்தம் தெரிவிக்கவில்லை.
இரண்டு விரலைத் தலைக்குமேல் தூக்கிக்
கொம்பு காட்டினார்.
புரிந்துவிட்டது.

வயல்களைச் சுற்றிக் கருங்கல் சுவர்,
அதன்மேல் ஆளுயர நீலப் பூப்புதர்.
பேருந்தின் இருக்கை எவ்வளவு உயரம் என்று
அன்றுதான் அளந்தேன்:
புதரைத் தாண்டி ஒவ்வொரு வயலின் முடிவிலும்
கடல் வந்து வந்து போனது.
சேந்தனுக்கு வழியெல்லாம்
சுவர்தான் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் யாரோ அமர்ந்து
பச்சைத் துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.
இடலினா.
உனக்குக் கார் இல்லையா?
ஓட்டத் தெரியாது என்றாள்.
பகலெல்லாம் சாவி கொடுக்கிறேன், போதாதா?
அவள் ஊரும் எங்கள் விடுதியும் ஒரே நிறுத்தம்.

விடுதிக்கு நான்தான் முதலில் வந்தேன்.
வெற்றியை எப்படிச் சொல்வது என்று
வாசலில் நின்று தயாரித்துக்கொண்டிருந்தேன்.
முக்கால் மணி நேரம் கழித்து வந்தான்,
முழங்கால்வரை சேறு,
கையில் யாரோ தந்த பாலாடைக்கட்டி.
ஒரு வளைவில் பசு ஈன்றுகொண்டிருந்ததாம்.
கன்று எழுந்து நிற்கும்வரை
அவனும் நின்றானாம்.
நாலு முறை விழுந்தது என்றான்,
ஐந்தாம் முறை நின்றுவிட்டது.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
காரை ஓரம் கட்டும்போது
கதவைச் சுவர் தொட்டிருந்தது.

ஞாயிறு காலை ஆறரை.
எங்களுக்கு விமானம், அவளுக்கு வேலை,
பேருந்துக்கு இன்னும் ஆறு மணி நேரம்.
விடுதி வாசலில் இடலினா நின்றிருந்தாள்,
தோளில் பை, கையில் பிஸ்கட் பொட்டலம்.
கேட்கவும் இல்லை, நாங்கள் அழைக்கவும் இல்லை.
பின்கதவைத் திறந்து ஏறினாள்.
மூடுபனியில் வழி சொன்னாள்,
இடது, நேர், மாடு, பொறு, இடது.
சொல்லிச் சொல்லிப் பிஸ்கட் தின்றாள்.
எனக்கும் இரண்டு தந்தாள்.

நிலையம் வந்ததும்
பச்சைத் துணியைக் கட்டினாள்.
படம் போட்ட தாளோடு
காரைச் சுற்றி வந்தாள், அவசரமில்லாமல்.
கீறலுக்கு அருகே குனிந்து
விரல் கணுவால் அளந்தாள்.
மூன்று சென்டிமீட்டர்.
தொண்ணூறு யூரோ.
சேந்தன் என்னைப் பார்த்தான்.
நான் காலியாக இருந்த
பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தேன்.

பிறகு பின்கதவைத் திறந்தாள்.
இருக்கை முழுக்கப் பிஸ்கட் தூள்.
தாளின் கடைசி வரி:
உட்புறம் சுத்தமா?
பேனா சற்று நின்றது.

ஆம் என்று எழுதிக்
கையெழுத்திட்டாள்.