இருபது வளைவு, இருபத்திரண்டு எழுத்து

அடிவாரச் சோதனைச்சாவடியில் பெயர் கேட்டார்கள்.
டிரைவர் இறங்கிப் போய்ச் சொன்னார்:
யாபேஸ். பத்தொன்பது வயது. சேலம் ஜி.எச்.சில் எல்லாம் முடிந்தது.
நான் பின்னால்,
அவன் பாதங்கள் என் முழங்காலில் இடிக்க.

எபிரேயர் வரிசைப்படி அழுதவர்கள்.
செமினரியில் படித்தேன்: நகரம் எரிந்த பிறகு
ஆலேப்புக்கு ஒரு கண்ணீர், பேத்துக்கு ஒன்று,
இருபத்திரண்டு எழுத்தும் தீரும்வரை.
அழுகைக்கு ஒரு கரை வேண்டுமல்லவா என்று
பரீட்சையில் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

முதல் வளைவு. மஞ்சள் பலகை.
ஆலேப் என்றேன் வாய்க்குள்.
கைப்பிடிச் சுவரில் குரங்குகள் பேன் பார்த்தன.
இரண்டு, பேத். பேத் என்றால் வீடு.
அதன் பிறகு கொஞ்ச தூரம் எண்ணவில்லை.

பதின்மூன்று, மேம். தண்ணீர்.
போன ஐப்பசியில் இங்கேதான் மண் சரிந்தது.
பூங்காவனத்தின் புருஷன் அடியில் போனான்,
ஆறு ஆடுகளோடு.
நான் அவள் வாசலில் நின்று சொன்னேன்:
"மலை சும்மா சரியாதும்மா.
மேலே ஒருத்தர் கணக்குப் பார்க்கிறார்."
ஆடில்லாத ஆறு கயிறுகளை
அவள் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பதினாறில் தடுமாறினேன்.
ஆயின் வரவேண்டும். ஆயின், கண்.
அடுத்தது பே. பே, வாய்.
சில பழைய புலம்பல்களில் இது மாறிக் கிடக்கும்,
வாய் முன்னே, கண் பின்னே.
ஏடெழுதியவன் கைப்பிழையாக இருக்கும் என்றார் வாத்தியார்.
பிழையில்லை, ஐயா.
அன்று அந்த வாசலில்
எனக்கும் வாய்தான் முன்னே போனது.

கர்த்தாவே என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.
முறையிட வேறொரு கோர்ட் இருந்தால்
வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பேன்.
அந்தப் பழைய மனிதர்களுக்கும் இருக்கவில்லை;
அவரைத் திட்டியதும் அவரிடமேதான்.

இருபது. ரேஷ்.
ஏரியில் படகுகள் கட்டிக் கிடந்தன.
மலை முடிந்துவிட்டது,
என்னிடம் இன்னும் இரண்டு எழுத்து.

சில்வர் ஓக்குகளுக்குக் கீழே
காப்பித் தோட்டத்து ஆட்கள் குழி வெட்டி முடித்திருந்தார்கள்.
கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தவன்
பூங்காவனத்தின் மகன்.
அவள் வேலியோரம் நின்றாள்.
என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பியிருக்கலாம்.
மடியை அவிழ்த்தாள்.
ஆறு கயிறும் ஒன்றாய் முறுக்கியது.

"பெட்டி எறக்கக் கயிறு ஒண்ணு பத்தலைன்னாங்க"
என்று
ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.