புளிப்பு முதலில் வரும்

இரவு மெயிலில் வந்த பெட்டி
ஐஸ் உருகி, ஓரம் கசிந்து,
திருகோணமலை நிலைய மேடையில்
சிவப்பாய் ஒரு கோடு இழுத்தபடி இறங்கியது.
காவலில் நின்ற பையன் கை உயர்த்தினான்.
கொஞ்ச நேரம்
யாருமே ஒன்றும் கேட்கவில்லை.
போர்ட்டரின் தள்ளுவண்டி கூட நின்றுவிட்டது.

மூடியை நானே திறந்தேன்.
பழம் என்றேன்,
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.
அவன் விரல் நுனியால் தொட்டு
நாக்கில் வைத்து
ஒரு கண்ணை மட்டும் மூடினான்.
"அம்புல்" என்றான்.
போகச் சொன்னான்.

உப்புவெளி ஹொட்டேலின் சமையற்கட்டுக்குப் பின்னால்
நீள மேசை.
கொழும்பிலிருந்து வந்த செஃப்
ஏழு கோப்பை வரிசையாக வைத்தார்.
கன்னியாக் கிணறுகள் போல
ஏழுக்கும் ஏழு சூடு.
பக்கத்துத் தட்டில் கறுப்புச் சொக்லேட் உருண்டைகள்,
ஒன்று மட்டும் வெடித்து
உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்தபடி.
சீசன் தொடங்க எட்டு நாள்.
"ருசி பார்த்துட்டு ஒரு சொல் எழுதுங்க"
என்று துண்டுக் கடதாசி நீட்டினார்.
ராஸ்பெரிச் செடி எப்படியிருக்கும் என்று
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மீன் வெட்டும் றஊப் எழுதினான்: இருமல் பாணி.
பிறகு செஃப்பின் முகத்தைப் பார்த்து
'நல்ல' என்று முன்னால் சேர்த்தான்.
பாலையூற்று மெற்றில்டா அக்காவுக்கு
அது நாவற்பழம்.
ஆனால் நாக்கை நீட்டிப் பார்த்தால் ஊதா இல்லை,
அதனால் ஏமாற்று.
வெயிற்றர் குகதாசன்
வெள்ளைக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய
வெரி நைஸையே எழுதினான்.
தோட்டத்து விமலசேன எழுதவில்லை.
மூன்றாவது கோப்பையை இன்னொருதரம் கேட்டார்.
செஃப் அதைத்தான் குறித்துக்கொண்டார்.

நான் சாமான் கணக்கு எழுதுகிறவள்.
மெனுவின் தமிழ் வரிகளும் என் தலையில்தான்.
உருண்டையைக் கடித்தேன்.
கசப்பு, மூடிய கதவு மாதிரி.
அதைத் தள்ளினால்
சூரை முள்ளுக்குள் கைவிட்ட மாதிரி
சுரீரென்று ஒன்று.
கண்ணோரம் சுருங்கிப் போச்சு.
இனிப்பு பிந்தித்தான் வந்தது,
பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்தவள் போல
மூச்சு வாங்கிக்கொண்டு.
துண்டில் எழுதினேன்,
தமிழ் எழுத்தில்: அம்புல்.

குளிர்ந்த கோப்பை வேறு கதை.
தொண்டையில் இறங்கியபோது
பள்ளிக்கூட வாசல் ஐஸ்பழத்தைத் தேடினேன்.
அதையும் ராஸ்பெரி என்றுதானே விற்றார்கள்.
இரண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.
இருபத்தேழு வருஷம்
ஒரு சாயத்தைப் பழம் என்று நம்பியிருக்கிறேன்.
கோபமில்லை.
அந்தச் சாயமும் நல்லாத்தான் இருந்தது.

தமிழில் என்ன பேர் வைப்பது?
முள்ளுச்செடிப்பழம் என்றேன்.
"ஆட்டுக்கா போடப் போறியள்?" என்றான் றஊப்.
பேரை அப்படியே விட்டுவிட்டு
கீழே சின்ன எழுத்தில் எழுதினேன்:
புளிப்பு முதலில் வரும்.
கொஞ்சம் பொறுங்கள்.

மனேஜர் இரண்டுதரம் வாசித்தார்.
நல்லாயிருக்கு என்றார்.
இடம் போதாது என்று வெட்டினார்.
விலைக்கு மட்டும் இடம் இருந்தது.

மேசை துடைத்து முடிய இருட்டிவிட்டது.
அலஸ்தோட்டம் தாண்டி ஓட்டோ குலுங்குகையில்
கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு விதை.
கடுகை விடச் சின்னது.
நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
கடல் பக்கமிருந்து காற்று,
கருவாட்டு வாசத்தோடு.
சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும்
அது அசையவில்லை.
பாலத்துக்குப் பிறகும்.