தாளின் வெள்ளை

நீர்வண்ணத்தில் வெள்ளை தீட்டுவதில்லை.
வெள்ளை வேண்டிய இடத்தில்
தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும்.
ஏற்காட்டுக்கு வந்த முதல் கார்த்திகையில்
பாதித் தாளை அப்படி விட்டிருக்கிறேன்.
சில்வர் ஓக் மூன்று, ஒரு வேலி,
காப்பிப் பழம் பறிக்கப் போகிறவளின் சாக்குக் கொங்காணி.
மற்றதெல்லாம் பனி வரைந்தது.
ஒரு பூச்சு காய அரை நாள் ஆகும்.
அடுப்புக்கு மேலே கொடி கட்டி
துணியோடு துணியாய்க் காயப்போட்டேன்.
அந்தப் படங்களில் இன்னும் புகை வாசம்.

இந்தக் கார்த்திகையில்
தூரிகையை அலசித் திரும்புவதற்குள்
வானம் காய்ந்து ஓரம் கட்டிவிடுகிறது.
பனி ஏழு மணிக்கே எழுந்து போய்விடுகிறது,
வாடகை பாக்கி வைத்தவன் போல.
விட்ட இடமெல்லாம் இப்போது தெரிகிறது:
பாக்சைட் வெட்டிய மேட்டின் சிவப்பு,
நீலத் தொட்டி வைத்த புது மாடிகள்,
கீழே, வெகு கீழே, சேலம்.
பதினோரு கார்த்திகை அதே ஜன்னலில்
சேலம் இல்லாமலே வரைந்திருக்கிறேன்.

லாட்ஜ்காரர் கனகசபாபதி போன் செய்தார்.
எட்டு அறைக்கு எட்டுப் படம்.
"பனி நல்லா இருக்கணும் மேடம்,
வர்றவங்க அதைத்தான் கேக்கறாங்க."
அறைகளில் ஏசி மாட்டியாகிவிட்டதாம்.
ஆறு வரைந்தேன், பழைய படங்களைப் பார்த்து.
ஏழாவதில் கை நின்றுவிட்டது.
என் கையெழுத்தை நானே
கள்ளத்தனமாய்ப் போடுகிற மாதிரி.

இருபது கொண்டை ஊசியும் இறங்கி
மாமாங்கம் தாண்டி
வெள்ளைக்கல் மேட்டுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டேன்.
வெயிலில் கண் கூசியது.
இங்கேயும் தாளை விடலாம் என்று
மேட்டை வரையாமல்
சுற்றி வானத்தை மட்டும் ஈரமாய் இழுத்தேன்.
ஒரு டிப்பர் போனது.
தூசி கிளம்பி, நிதானமாய்,
ஈரம் பார்த்து வந்து உட்கார்ந்தது
வானத்தில்.
ஊதினேன். போகவில்லை.
விரல் வைத்தேன். சொரசொர.
டீக்கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.
"இது எங்க வீட்டு ஜன்னல்லயும் இருக்குங்க" என்றாள்,
தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி.

ஏழும் எட்டும் இன்னும் போகவில்லை.
தூசிப் படத்தை மேலே கொண்டுவந்து
அடுப்புக் கொடியில் மாட்டியிருக்கிறேன்.
காய வேண்டியதில்லை. பழக்கம்.

நேற்று ராத்திரி லேசாய்த் தூறல்.
காலையில் பாக்சைட் மேடு
எந்த டியூபிலும் இல்லாத சிவப்பில் நனைந்திருந்தது.
மூன்று முறை கலந்தும் வரவில்லை.
நாலாவது
பலகையில் இருக்கிறது, ஈரமாக.