ஏழாம் பாடம் இல்லாத புத்தகம்

ஆ சோங்கின் பழைய சாமான் கடையில்
கிலோ அறுபது காசு.
புத்தகம் ஒன்றே முக்கால் கிலோ.
ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு
ஐந்து காசைத் தலையசைத்துத் தள்ளிவிட்டான்.
அட்டை இல்லை.
கரையானுக்குப் பிடித்தது ஏழாம் பாடம்.
ஆறு முடிந்ததும் எட்டு,
நடுவில் மண் வாசத்தோடு ஒரு பள்ளம்.

லாபிஸ் தாண்டி, செம்பனை ஆலையில்
நான் நிறுவைக் கிராணி.
லாரி ஏறும், எண் விழும், துண்டு அச்சாகும்.
அந்த எண் எங்கே போகிறது என்று
ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.
"சர்வருக்கு" என்றார் மேனேஜர்,
விரலை மேலே காட்டி.
மேலே சீலிங்கும் ஒரு பல்லியும்தான் இருந்தன.

அப்புறம் கையில் கிடைத்ததெல்லாம் பாடம்.
மூன்று துளை செத்துப்போன ஒரு சுவிட்ச்
(உயிரோடிருந்த ஐந்து எனக்குப் போதும்).
குத்தகைக்காரர்கள் வெட்டியெறிந்த கேபிள் துண்டுகள்.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை...
பஸ்ஸில் முணுமுணுத்தபடி வருவேன்,
பக்கத்து சீட் மாக்சிக்
ஏதோ மந்திரம் என்று சற்றே நகர்ந்து உட்காருவார்.

கட்டிலுக்கடியில் இரண்டு கிழட்டுக் கம்ப்யூட்டர்.
ஒன்று கேட்கும், ஒன்று கொடுக்கும்
என்பதுதான் ஏற்பாடு.
கொடுப்பதைப் பதினோரு தடவை கொன்றேன்.
பன்னிரண்டாம் தடவை அது தானாய் எழுந்தது.
ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணி.
நிறுவைத் திரை உறைந்துவிட்டது.
வெளியே பதினேழு லாரி,
குலைகள் காத்திருக்கக் காத்திருக்க
எண்ணெய் கெட்டுக்கொண்டிருக்கிறது.
சன்னாசியண்ணன் ஹாரனில் கையை வைத்தவர்
எடுக்கவில்லை.
மேனேஜர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சர்வரிலிருந்து நிறுவையைக் கூப்பிட்டேன்.
பதில் வந்தது.
மறுபடி கூப்பிட்டேன்.
பதில் வந்தது, ஆனால் குரல் வேறு.
ஒரே முகவரி,
பின்னால் இருக்கும் பெட்டியின் பிறவி எண் மட்டும்
மாறி மாறி.

எங்கள் லயத்தில் மேல் வரிசையிலும் பதினான்கு,
கீழ் வரிசையிலும் பதினான்கு.
மேல் வீட்டு எமிலியம்மாவின் கோர்ட் கடிதம்
கீழ் வீட்டு மேசைக் காலுக்கு
மூன்று மாதம் முட்டுக் கொடுத்தது.
தபால்காரர்மேல் தப்பில்லை.

அன்று மதியம்தான் புதுக் கேமராப் பெட்டி மாட்டினார்கள்.
மாட்டியவன் வாய்க்கு வந்த எண்ணைக் கொடுத்திருக்கிறான்,
அது என் நிறுவையின் எண்.
ஏணி வைத்து ஏறி
நீலக் கம்பியைப் பிடுங்கினேன்.
கீழே துண்டு அச்சாகும் சத்தம்:
பதினெட்டு டன், நானூற்று இருபது கிலோ.
ஹாரன் நின்றது.

காலையில் மேனேஜர் கேட்டது ஒன்றுதான்:
"கேமராவை யார் நிறுத்தியது?"
மாலைக்குள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது,
முத்திரையோடு, மூன்று பக்கம்.
நல்ல கனமான தாள்.
பின்புறம் வெறுமை.

முன்புறத்துக்கு அலுவலகத் தாளில்
நாலு வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன்.
பின்புறத்தில்,
முகவரி என்றால் என்ன,
யார் கொடுப்பது, யாருக்குக் கொடுத்தோம் என்று
எங்கே குறித்து வைப்பது,
இருவருக்கு ஒன்றே விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது,
ஏணி எங்கே இருக்கிறது
எல்லாம் எழுதி
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே செருகிவிட்டேன்.

அளவு கொஞ்சம் பெரிது,
ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
எட்டாம் பாடம்
பாதிதான் புரிகிறது.