கடைசியாக எடுத்த திகதி

செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில்
பல் வைத்தியருக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
ஒடுங்கிக் கிடக்கும் கிளை நூலகத்தில்
தமிழ் அலமாரியைக் களையெடுக்கிறேன்.

விதி எளிது.
மூன்று வருடம் யாரும் தொடாத புத்தகம்
வண்டிலில் ஏறும். ஐம்பது சதம்.
அதற்கும் போகாவிட்டால் நீலப் பெட்டி.

காலம் தீர்ப்புச் சொல்லும் என்று
மேடை மேடையாகச் சொன்னார்களே,
அந்தக் காலம் நான்தான்.
முழங்கால் வலி. கையில் ஸ்கேனர்.
ஆறு மணிக்கு முன் முடிக்க வேண்டும்.

கிரகப் பெயர்ச்சிப் பலன்: இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.
அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்து.
அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை.

பிறகு சொல்வேந்தர் அருளம்பலம்.
கெட்டி அட்டை, பொன் எழுத்து,
வாழ்த்துரை மட்டும் அறுபத்திரண்டு பக்கம்.
வெளியீட்டு விழாவில் நானும் இருந்தேன்:
நானூறு கதிரை, பதினேழு பொன்னாடை,
பேச்சு முடியுமுன் ஆறிப்போன ரோல்ஸ்.
"நூறு வருடம் நிற்கும்" என்றார் தலைவர்.
எடுத்தோர்: இருவர். அதில் ஒருவர் அவரே.
என் மகளுக்கு வலிப்பு வந்த இரவில்
பனிப்புயலுக்குள் கார் ஓட்டி வந்தவரும் அவரே.
அதைப் பதிய ஸ்கேனரில் இடமில்லை.
வண்டிலில் வைத்தேன்,
பெயர் உட்பக்கம் திரும்பும்படி.

அடுத்தது ஒல்லிப் புத்தகம்.
பவளராணி செல்லையா.
கை ஒரு கணம் நின்றது.
பேகல் தொழிற்சாலையில் நாலு வருடம்
ஒரே பெல்ட்டின் இரண்டு கரையில் நின்றோம்.
ஒரே வானில் போய் வந்தோம்.
தை மாதக் குளிரிலும் கண்ணாடியை இறக்குவாள்.
என்னிடம் வாங்கிய இருபது டொலர்
அவளோடேயே போய்விட்டது.
புத்தகத்தை நீட்டியபோது
"நல்லாயிருக்கு" என்றேன், திறக்காமலே.
அவளுக்குத் தெரியும்.
"உள்ளூர் மாடு விலை போகாது" என்று சிரித்தாள்.
வெளியூர்ச் சந்தையும் பூட்டியாச்சு, பவளம்.
எடுத்தோர்: எவருமில்லை.

இன்றைக்குத்தான் திறக்கிறேன். பக்கம் நாற்பத்தொன்று:

பேகலின் நடுவில் ஓட்டை.
அதற்கும் சேர்த்துச்
சம்பளத்தில் கழித்தார்கள்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
கணினியில் இருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான்.
சிரித்த பிறகுதான் சந்தேகம்:
இது கவிதை என்பதாலா,
அந்த மேற்பார்வையாளனின் விசில்
என் காதுக்குள் இன்னும் கிடப்பதாலா?
அந்தப் பெல்ட்டில் நிற்காத ஒருத்தி
இதில் என்னத்தைக் காண்பாள்?
காணவும் கூடும்.
வான் கண்ணாடியும் இருபது டொலரும்
அவளுக்குக் குறுக்கே நிற்காதே.
நாலு வருடம் எதிரில் நின்ற எனக்கு
இவளிடம் தெரிந்தது குளிர் மட்டும்.

மரிசோல் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து
"இதுவுமா?" என்கிறாள்.
சொல்லத் தெரியவில்லை.
என் சொந்த அட்டையை எடுத்துக் காட்டினேன்.
பீப்.
எடுத்தோர்: ஒருவர்.

மிச்சப் பக்கங்கள் மோசமாக இருக்கலாம்.
இருந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்ல
இப்போது ஆளில்லை.
சொல்லியிருந்தால் திருத்தியிருப்பாளோ என்னவோ.

வண்டில் கிறீச்சிட்டுப் போகிறது,
சொல்வேந்தர் மேலே.
புத்தகம் என் பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்.
விதிப்படி அவளுக்கு
இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.