குறைநிறை

பரந்தன் மில்லில் விடிய நாலரைக்கு
அவியல் தொட்டியைத் திறப்பார்கள்.
ஏழு வருசமாய் எனக்கது சோத்து மணம்.
போன செவ்வாய் தொடக்கம்
ஈரச்சாக்குக்குள் என் தலையை யாரோ
அமத்திப் பிடிக்கிற மணம்.
மதிலுக்குப் பின்னால் போய்
சத்தமில்லாமல் சத்தி எடுத்து
வாய் கொப்பளித்து வந்தேன்.
ஒருத்தரும் காணவில்லை என்று நினைத்தேன்.

தள்ளி இருபத்தொரு நாள்.
இது மூன்றாவது.
முதலாவது கிளிநொச்சி பஸ்ஸில் போனது.
மற்றது இங்கேதான்,
கொழுக்கி இல்லாத கக்கூசில்,
ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி
மற்றக் கையால் சுவரை.
பிறகு வெளியே வந்து
மத்தியானம் மட்டும் நெல் கிளறினேன்.

மிட்வைவ் மிஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் அட்டை போடுவா, திரிபோஷா தருவா.
ஏற்கெனவே இரண்டு அட்டை
அலுமாரியில் கிடக்குது,
முதற் பக்கம் மட்டும் எழுதினபடி.

"வேலைக்குப் போகாமல் நில்லன்" என்றார் இவர்.
புதன்கிழமை லோன்காரப் பெடியன்
மோட்டச்சைக்கிளை நிப்பாட்டாமலே ஹோர்ன் அடிப்பான்;
அதுவும் இவருக்குத் தெரியும்.
இவர் எனக்குச் சொன்ன நில் என்ற சொல்லை
நான் கொண்டுபோய்
வயிற்றுக்குச் சொன்னேன்.

களத்தில் வெயில் சீமெந்துக்குள்ளால் ஏறும்.
காலால் கோடு கோடாய் நெல்லை உழுதுகொண்டு போய்
திரும்பி உழுதுகொண்டு வர வேணும்.
அதெல்லாம் பாரமில்லை.
பின்னேரம் தலைச்சுமைதான் பாரம்.
மூடைக்கு இருபது ரூபாய்.
ஐம்பது கிலோ தலையில் இறங்கும்போது
முள்ளந்தண்டு ஒரு அங்குலம் உள்ளே போகும்;
அந்த அங்குலம் எங்கே போய் முட்டுது
என்றுதான் என் யோசனை.

மனேச்சர் சாப்பிடப் போனதும்
வெறுங்காலோடு தராசில் ஏறி நிற்பேன்.
நாற்பத்தெட்டரை.
நேற்றும் அதுதான். முந்தாநாளும் அதுதான்.
ஒரு நெல்மணிக்கு அசையாது இந்தத் தராசு,
தெரியும்.

வியாழன் பின்னேரம்
இரணைமடுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
"படங்கு! படங்கு!" என்று கத்தல்.
அள்ளு, கட்டு, தூக்கு.
ஆறாவது மூடையோடு கோடவுணுக்குள் நுழைந்தபோது
கழுத்துக்கு ஏதோ விளங்கியது.
மூடையை இறக்காமலே
தராசில் ஏறினேன்.

எழுபத்தேழு.

எனக்குக் கணக்கு வரும்.
இருபத்தெட்டரை.

வாசலால் பார்த்தேன்.
சாக்கு நிரப்புகிறவள் யோகமலர் அக்கா.
எனக்கு நிரப்பின வாளியைப் பாதியில் நிறுத்தி
மிச்சத்தைத் தன்னுடைய சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தா.
அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்தா,
கழுத்து நரம்பு புடைக்க,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.
மனேச்சருக்கு மூடைக் கணக்கும் சரி,
மொத்த நிறையும் சரி.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"நீ மதிலுக்குப் பின்னாலை போன நாள் தொடக்கம்."

மழை தகரத்தில் கல்லெறியத் தொடங்கியது.
அவ சேலைத்தலைப்பால் கழுத்தைத் துடைத்தா.
"வலைஞர்மடத்திலை நான் பங்கர் வெட்டினனான்,
அஞ்சாம் மாசம்.
அலவாங்காலை வெட்டினது.
அந்தப் பெடியன்தான் இப்ப
கணக்கிலை பதினெட்டு மாக்ஸ் எடுத்துக்கொண்டு வாறான்."

"அப்ப தூக்கினாலும் ஒண்டும் செய்யாதோ அக்கா?"

அவ என்னை ஒருமாதிரிப் பார்த்தா,
நான் ஏதோ கூடாத கேள்வி கேட்டதுபோல.
"எனக்குப் பக்கத்திலை வெட்டினவளும்
அஞ்சாம் மாசம்தான்."

அவ்வளவுதான் கதைத்தோம்.
வெளியே யாரோ எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள்.
படங்கின் ஒரு மூலை காத்தில் எழும்பி
நெல்லைத் திறந்துவிட்டிருந்தது.
அவ ஓடினா.
நான் ஓடவில்லை.
நடந்து போனேன்,
நனைந்துகொண்டு,
ஆறுதலாய்.
போய் அந்த மூலையில்
ஏறி நின்றேன்.
நாற்பத்தெட்டரைக் கிலோ.
படங்கு அசையவில்லை.